இலவசமாயிற்று இந்தியா!

சென்ற வாரம் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்க்கும்படி பத்து வாக்கியங்கள் கொடுத்திருந்தோம். அவற்றுள் ஒன்று, இந்தியா 1947-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது என்ற பொருளுடைய மிகச் சாதாரணமான வாக்கியம். விடுதலை என்பதற்கு அதில் ‘ப்ரீ’ என்ற சொல் நின்றது. ஒரு பையன், சிறிதும் தயங்காமல், முத்து முத்தான எழுத்தில், “இந்தியா 1947-ஆம் ஆண்டில் இலவசமாயிற்று” என்று எழுதியிருந்தான்.

படித்ததும் சிரிப்புப் பொங்கி வந்தது. வீட்டாரை அழைத்து வாசித்துக் காட்டினோம், அவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பின், சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு இழுக்கப் போனோம். கை பாதியில் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்பதைக் கடைசியில் சொல்லுகிறோம். அதற்கு முன் அந்தச் சொல்லின் சமாசாரத்தைக் கொஞ்சம் விசாரித்துவிடுவோம்.

பையனைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவன் அச்சொல்லை எங்கே கற்றான்? பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில், கடைப் பலகைகளில் கற்றான். இரண்டு சோப்பு வாங்கினால் ஒன்று ‘ப்ரீ’. புடைவை எடுத்தால் பை ‘ப்ரீ’. டெலிபோன் வாங்கினால் அதற்கு உறை ‘ப்ரீ’. தினந்தோறும் கண்ணில் படும் பொருளை விட்டுவிட்டு, ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் கொடியேற்றும்போது மட்டும் காதில் விழும் பொருளை அவன் தேடிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

மேலும், அந்தச் சொல் இலேசுப்பட்டதன்று. ஆங்கில அகராதிகளுக்குள் பெரியதான ஆக்ஸ்போர்டு அகராதியை 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். அத்தகைய அகராதியில் அதிக இடத்தை அடைத்துக்கொள்வன நீண்ட சொற்கள் அல்ல. கரடுமுரடான பெரிய சொற்களுக்கு இரண்டு வரி போதும். ‘கெட்’, ‘செட்’, ‘ரன்’, ‘ப்ரீ’ போன்ற வாமன ரூபங்களே பத்தி பத்தியாக வளர்ந்து உலகளக்கின்றன.

சாயங்காலம் நீங்கள் ‘ப்ரீ’யா என்று ஒருவர் கேட்டால், ஒழிவாக இருப்பீர்களா என்பது பொருள். ரெயிலில் இந்த இடம் ‘ப்ரீ’ என்றால் காலி என்று அர்த்தம். நோயிலிருந்து ‘ப்ரீ’ என்றால் நோயற்றவன். பணத்தில் ‘ப்ரீ’ என்றால் தாராளக் கை. நாவில் ‘ப்ரீ’ என்றால் வாய்த்துடுக்கு. கயிற்றின் ‘ப்ரீ’யான நுனி, கட்டாத நுனி. ‘ப்ரீ’யான மொழிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் போகாமல் கருத்தைத் தழுவிச் செல்வது. அடிகோலும் வட்டக் கருவியும் இல்லாமல் கைவாக்கில் வரைந்த சித்திரமும் ‘ப்ரீ’. எதுகை மோனைத் தளையின்றி எழுதிய கவிதையும் ‘ப்ரீ’. சிறையினின்று வெளிவந்த கைதியும் ‘ப்ரீ’. டிக்கட்டு வாங்காமல் நாடகம் பார்க்க உள்ளே நுழைந்தவரும் ‘ப்ரீ’! தமிழில் இத்தனைக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. நம் பையன் அந்தப் பதினொரு கதவுகளில் ஒன்றைத் தவறாகத் தட்டினான், அவ்வளவுதான்.

இத்தனை பொருளும் எங்கிருந்து கிளைத்தன? வேரைத் தோண்டிப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரு புறம், வடமொழி மற்றொரு புறம், எல்லாம் ஒரே பூர்வ பாஷையிலிருந்து பிரிந்தவை. அந்தப் பூர்வ பாஷையில் அன்பைக் குறித்த ஒரு தாது இருந்தது. அது வடமொழியில் ‘பிரிய’ என்றாகி, நம் வீட்டுப் பேச்சில் ‘பிரியம்’ என்று இன்றும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் அதே தாதுதான் ‘ப்ரீ’ என்றாயிற்று. ஒலி ஒற்றுமையைக் கண்டு நாம் கட்டிவிட்ட கதையன்று இது. மொழி நூலார் பல பாஷைகளையும் ஒப்பிட்டு நிறுவிய உறவு. நண்பனைக் குறிக்கும் ‘ப்ரெண்ட்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பமே. ஆங்கிலேயர் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் வைத்தார்களே, ‘ப்ரைடே’ என்று, அந்தப் பெயருக்குரிய ‘ப்ரிக்’ என்னும் பழந்தேவதையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவளே.

அன்புக்கும் விடுதலைக்கும் என்ன சம்பந்தம்? பழங்காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் இரண்டு வகை மனிதர் இருந்தார்கள். ஒரு வகையார் வீட்டுத் தலைவனுக்கு இரத்த பந்தமுடைய பிரியமானவர்கள், மற்றவர்கள் அடிமைகள். பிரியமானவன் என்றாலே அடிமையல்லாதவன் என்று ஆயிற்று. ரோமாபுரியாரும் இப்படியே எண்ணினார்கள். அவர்களுடைய லத்தீன் பாஷையில் ‘லீபெர்’ என்றால் அடிமையல்லாதவன். அதன் பன்மையாகிய ‘லீபெரி’ என்ற சொல்லுக்கு வீட்டுக் குழந்தைகள் என்று பொருள். ஆகவே சுதந்திர மனிதன் என்பவன் ஆதியில் தன்னந்தனியாக நிற்பவன் அல்லன். ஒரு வீட்டில் பிள்ளையாக இருக்கும் உரிமையுடையவன்.

காலம் செல்லச் செல்ல, அடிமையல்லாதவனுக்குரிய குணங்களும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாஸர் என்னும் கவி ‘காண்டர்பரி கதைகள்’ எழுதினார். அக்காலத்தில் ‘ப்ரீ’ என்றால் வள்ளன்மை, பெருந்தன்மை என்றும் பொருள் உண்டு. அவருடைய கதைகளில் ஒன்றில், கணவனைப் பிரிந்திருக்கும் டாரிகன் என்பாள், தன்னை நாடிவந்த அரேலியஸ் என்னும் இளைஞனிடம், பிரிட்டனிக் கரையிலுள்ள கரும்பாறைகளை எல்லாம் நீக்கினால் உன்னை ஏற்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அவனோ ஆயிரம் பவுன் கூலி பேசி, ஒரு மாயவித்தைக்காரனைக் கொண்டு பாறைகள் மறைந்தாற்போலச் செய்துவிடுகிறான். செய்தி அறிந்த கணவன், மனம் நொந்தும், கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்கிறான். அதைக் கேட்டு இளைஞன் உருகி, அவளை விட்டுவிடுகிறான். அதைக் கேட்டு வித்தைக்காரனும் உருகி, ஆயிரம் பவுனையும் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறான். இம்மூவரில் மிகவும் ‘ப்ரீ’யானவன் யார் என்ற கேள்வியோடு கதை முடிகிறது. நம் விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் போடும் கேள்வியைப் போன்றதுதான்.

ஆயினும் இதில் ஓர் அநீதியும் உண்டு. 1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னன் முத்திரையிட்ட ‘மாக்ன கார்ட்டா’ சாசனம், சட்டப்படியல்லாமல் எந்த ‘ப்ரீ’யான மனிதனையும் சிறையிடலாகாது என்று விதித்தது. ஆனால் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த ஏராளமான குடியானவர்கள் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. அவர்களுக்கு ‘வில்லன்’ என்று பெயர். பண்ணையைச் சேர்ந்தவன் என்பதற்கு மேல் அப்பெயருக்கு அப்போது பொருளில்லை. எஜமானனின் நிலையைக் குறித்த சொல் வள்ளன்மை என்று உயர்ந்தது. உழுதவனைக் குறித்த சொல்லோ கயவன் என்று தாழ்ந்து, இன்று நம் சினிமாப் படங்களில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அகராதியை எழுதியவர்கள் உழுதவர்கள் அல்லவே!

‘ப்ரீ’க்குச் சுற்றத்தார் பலர். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்று, பிரெஞ்சுப் பேச்சைக் கொண்டுவந்தார்கள். அதனால் ஒரே கருத்துக்கு இரண்டு சொற்கள் அமைந்தன. நாட்டுச் சொல் ‘ப்ரீடம்’. லத்தீனிலிருந்து பிரெஞ்சின் வழியாக வந்தது ‘லிபர்ட்டி’. ‘ப்ராங்க்’ என்பது மற்றொரு சுற்றம். பழைய கால் நாட்டை வென்றடக்கிய பிராங்கியர் என்னும் கூட்டத்தாரின் பெயர் அது. அந்நாட்டில் முழு உரிமை அவர்களுக்கே இருந்தமையால் இனப் பெயரே உரிமைக்கும் பெயராயிற்று. பின்னர், அஞ்சாமல் மனம்விட்டுப் பேசுதலைக் குறித்தது. இங்கிலாந்தில் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கையெழுத்திட்ட கடிதம் தபால் கூலியில்லாமல் போயிற்று. அதற்கு ‘ப்ராங்கிங்’ என்று பெயர். 1840-இல் ஒரு பென்னித் தபால் வந்தபோது அந்தச் சலுகை நீங்கியது. இன்றோ, பணம் கட்டிய உறைமீது முத்திரை குத்தும் யந்திரத்துக்கு அதே பெயர் வழங்குகிறது. ‘ப்ராஞ்சைஸ்’ என்ற சொல் முதலில் விலக்குரிமையையும், பிறகு வாக்குரிமையையும் குறித்தது. இப்போது பெரிய கம்பெனியின் பெயரில் கிளைக் கடை வைக்கும் உரிமையையும் குறிக்கிறது. ‘இண்டிபெண்டென்ஸ்’ என்பதன் உறுப்புகளைப் பிரித்தால், வேறொன்றிலிருந்து தொங்காமை என்று பொருள்படும்.

விலையில்லாமல் கொடுப்பது என்ற பொருள் ‘ப்ரீ’க்கு மிகவும் பிந்தியே, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது. செலவினின்று நீங்கியது என்பதைச் சுருக்கி வெறுமனே ‘ப்ரீ’ என்றார்கள். கடைசியில் வந்த விருந்தாளி இப்போது வீட்டுக்கே சொந்தக்காரர் போல நடமாடுகிறார். இந்தக் குழப்பத்தால் ஆங்கிலம் பேசுவோரே சங்கடப்படுகிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், கணினி மென்பொருளை எவரும் பயிலவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்று 1985-இல் ஒரு சங்கம் கண்டார். அதன் பெயரில் ‘ப்ரீ’ என்ற சொல் இருந்ததால், இனாமாகக் கொடுப்பதற்கே சங்கம் வைத்திருக்கிறார் என்று பலர் எண்ணினார்கள். தெளிவுக்காகப் பிரெஞ்சு, ஸ்பானிய பாஷைகளிலிருந்து ‘லிப்ரே’ என்ற சொல்லைக் கடன் வாங்கவேண்டி வந்தது. தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கலாம்.

ஒரே சொல்லுக்குள் இரு பொருளும் குடியிருப்பது வெறும் வேடிக்கை மட்டுமன்று. அதன் விபரீதத்தை நம் தேசம் அநுபவித்திருக்கிறது. 1846-இல் தானியச் சட்டங்களை நீக்கியபின், இங்கிலாந்து ‘ப்ரீ’ வாணிகத்தையே பெரிய தர்மமாகப் போற்றியது. அந்தத் தர்மத்தின் பெயரால் இந்தியாவில் என்ன நடந்தது? லங்காஷயர் துணிக்கு இங்கே வரி போடுவது தடையற்ற வாணிகத்துக்கு விரோதம் என்றார்கள். சர்க்காருக்குப் பணம் வேண்டியிருந்தபடியால் வரியை அடியோடு விடவும் முடியவில்லை. ஆகவே 1896-இல், இறக்குமதித் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை வரி என்றால், நம் ஆலைகள் நெய்யும் துணிக்கும் நூற்றுக்கு மூன்றரை வரி என்று சமன் செய்தார்கள். வீட்டுப் பிள்ளைக்கும் வந்த விருந்தாளிக்கும் ஒரே அளவு கஞ்சி! அதற்குப் பெயரும் ‘ப்ரீ’தான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் தூத்துக்குடியில் இருக்கிறது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை அமைத்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓடிற்று. எதிரிலிருந்த வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பின்னும் குறைத்தது. முடிவில், கட்டணமே வேண்டாம், வந்து ஏறினால் போதும், கையில் ஒரு குடையும் இனாமாகத் தருகிறோம் என்று அழைத்தது என அக்காலச் சரித்திரம் கூறும். 1908-இல் சிதம்பரம் பிள்ளை சிறை புகுந்து செக்கிழுத்தார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. ‘ப்ரீ’ என்ற சொல்லின் ஒரு பொருளைக் கொண்டே அதன் மற்றொரு பொருளைக் கொல்ல முடியும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா? குடை இலவசம், கப்பல் போயிற்று.

இதனாலேயே நம் தலைவர்கள் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் அத்தனை கவனமாக இருந்தார்கள். 1906-ஆம் ஆண்டுக் கல்கத்தாக் காங்கிரஸில் தாதாபாய் நௌரோஜி ‘சுவராஜ்யம்’ என்றார். 1916-இல் திலகரும் அன்னி பெசண்டு அம்மையாரும் ‘ஹோம் ரூல்’ என்றார்கள். 1928-இல் மோதிலால் நேரு கமிட்டி ‘டொமினியன் அந்தஸ்து’ என்றது. 1929 டிசம்பரில் லாகூர்க் காங்கிரஸ் ‘பூர்ண சுவராஜ்யம்’ என்று தீர்மானித்தது. வெறும் வார்த்தைச் சண்டை என்று அன்று கேலி செய்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இவை நிகண்டில் அடுக்கிய ஒரு பொருட் பன்மொழி அல்ல. ஒவ்வொன்றும் ஏணியின் ஒவ்வொரு படி. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில், முகவுரை ‘லிபர்ட்டி’ என்கிறது. பேச்சுரிமையைக் கூறும் பத்தொன்பதாம் பிரிவு ‘ப்ரீடம்’ என்கிறது. 2002-இல் சேர்த்த பிரிவோ, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி ‘ப்ரீ’யாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. முதலில் வந்த பொருளும் கடைசியில் வந்த பொருளும் ஒரே சாசனத்தில் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. கல்வி இலவசமானால்தான் பேச்சு சுதந்திரமாகும் என்பதை எண்ணும்போது, அவ்விரு பொருளும் எப்போதும் பகையாக இருக்கவேண்டும் என்பதில்லை என்று தோன்றுகிறது.

நம் பாஷையையும் ஒரு கணம் பார்ப்போம். விடுதலை என்பது விடுபடுதல். கட்டு இருந்தது, அவிழ்ந்தது என்ற செய்தி அதில் அடங்கியிருக்கிறது. சுதந்திரம் என்பது தன் வசமாயிருத்தல். இந்தச் சுதந்திரம் என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் வேறொரு பொருளும் வழங்கிற்று. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது, ஊர்த் தொழிலாளர்களுக்குப் பரம்பரையாக உரிய பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். கிறிஸ்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில், தந்தையின் சொத்தைப் பிள்ளை அடைவதைச் சுதந்தரித்தல் என்றே சொல்லியிருக்கிறார்கள். அங்கே ‘ப்ரீ’ என்பவன் வீட்டுக்குப் பிரியமான பிள்ளை. இங்கே சுதந்திரம் என்பது பிள்ளைக்கும் ஊராருக்கும் உரிய பங்கு. இரண்டு பாஷைகளும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இனாம், கொசுறு, ஓசி என்பவை வேறு ஜாதி. அவற்றைக் கொடுப்பவன் ஒருவன் உண்டு. அவன் மனம் மாறினால் நிறுத்திவிடலாம். பங்கு அப்படியன்று. அதைக் கேட்டு வாங்கலாம், கொடுக்காவிட்டால் வழக்காடலாம், வாங்கியவன் அதைக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவன்.

இப்போது சிவப்புப் பேனா ஏன் நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறோம். நாட்டைப் பொறுத்தவரையில் அந்தப் பையன் எழுதியது பெரும் பிழை. செக்கிழுத்தவர்களும், தடியடி பட்டவர்களும், தூக்குமேடை ஏறியவர்களும் விலை கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பையன் என்ன கொடுத்தான்? நாம்தாம் என்ன கொடுத்தோம்? நாம் பிறந்ததே 1947-க்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு. ஒரு நாள் உபவாசம் உண்டா, ஓர் இரவு சிறைவாசம் உண்டா? நமக்கு அது இலவசமாகத்தானே வந்தது! பையன் தெரியாமல் எழுதிய வாக்கியத்தில், நமக்குத் தெரிந்தும் நாம் சொல்லாத உண்மை ஒன்று ஒளிந்திருந்தது. அரை மதிப்பெண் போட்டோம்.

மறுநாள் வகுப்பில் இந்த அரை மதிப்பெண்ணுக்கு நியாயம் சொல்ல வேண்டியிருந்தது. முழு மதிப்பெண் வாங்கியவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆகையால் தூத்துக்குடிக் கப்பலின் கதையையும் குடையின் கதையையும் விரிவாகச் சொன்னோம். எல்லாரும் வெள்ளைக் கம்பெனியை வைதார்கள். அந்தப் பையன் மட்டும் எழுந்து நின்று, “ஸார், நீங்கள் அப்போது கொழும்புக்குப் போக வேண்டியிருந்து, கையில் காசும் குறைவாக இருந்திருந்தால், எந்தக் கப்பலில் ஏறியிருப்பீர்கள்?” என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் நம்மையே பார்த்தது. சுதேசிக் கப்பலில்தான் என்று சொல்ல வாயெடுத்தோம், சொல் வெளிவரவில்லை. மாதக் கடைசியில் ஒன்றுக்கு ஒன்று இனாம் என்ற பலகையைத் தேடித் தெருத் தெருவாக நடக்கிற மனிதர் நாம். யோசித்துத் திங்கட்கிழமை சொல்வதாகக் கூறி, மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டோம்.

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நேயர்கள் இதே கேள்வியைத் தங்கள் வீட்டில் இராச் சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பார்க்கட்டும். பெரியவர்கள் முதலில் விடை சொல்லட்டும். குழந்தைகள் அதற்கு மதிப்பெண் போடட்டும்.